555 டைமர் ரிலே: நேரம் முடிஞ்சதும் மோட்டார் மறுபடி ஓடுது, சில நாள் நிக்கவே மாட்டேங்குது

கொழிஞ்சாம்பாறை தோப்பு:

வணக்கமுங்க. தென்னைக்குப் போற சொட்டுநீர் லைனுக்கு 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார். பட்டனை ஒரு தடவை அமுக்கினா 18, 20 நிமிஷம் ஓடித் தானா நிக்கணும். பட்டன் வீட்டுத் திண்ணையில, போர்டு மோட்டார் ரூமுல, நடுவுல 25 மீட்டர் ரெண்டு கோர் ஒயர்.

இப்ப இருக்கிற சர்க்யூட் இதுதானுங்க. 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மர் 500 மில்லியாம்ப், ரெண்டு 4007 டயோட், 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கண்டென்சர், 12 வோல்ட்டை நிலையா வெச்சுக்க 7812 ரெகுலேட்டர். அடுத்து 555 டைமர் ஐசி, மோனோஸ்டேபிளா, அதாவது ஒரு தடவை தட்டினா வெச்ச நேரம் மட்டும் ஓடி நிக்கிற மாதிரி. பின் 6, 7 சேர்த்து மேல 1 மெக் ரெசிஸ்டர், கீழ 1000 மைக்ரோ கண்டென்சர். பின் 2-க்கு மேல 10கே, பட்டன் அமுக்கினா கிரவுண்டு. பின் 4 நேரா 12 வோல்ட்டுல. பின் 5 சும்மா விட்டிருக்கு. பின் 3-லிருந்து 1கே, பிசி547 ட்ரான்சிஸ்டர், 12 வோல்ட் சுகர் கியூப் ரிலே. ரிலே காயில் மேல 4007 டயோட், கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். ரிலே காண்டாக்ட் 230 வோல்ட் காண்டாக்டர் (மோட்டாருக்கான பெரிய ரிலே) காயிலை எடுக்குது, காண்டாக்டர் மோட்டாரை எடுக்குது.

கோளாறு மூணு.

1. கணக்குப்படி 1100 செகண்ட், அதாவது 18 நிமிஷம் 20 செகண்ட் வரணும். சில நாள் 26, 27 நிமிஷம் ஆகுது. சில நாள் 40 நிமிஷம் ஆகியும் நிக்கல, கையால ஆஃப் பண்ண வேண்டியிருக்கு. 100கே, 100 மைக்ரோ போட்டு மேசையில பார்த்தா 11 செகண்ட் துல்லியமா வருது.

2. நேரம் முடிஞ்சு ரிலே விடுற அதே நொடியில மறுபடி எடுத்துக்குது. காண்டாக்டரைக் கழட்டி ஒரு 60 வாட்ஸ் பல்பு போட்டா இந்தக் கோளாறு வர்றதே இல்ல.

3. கரண்ட் போயிட்டு வந்தா பட்டனைத் தொடாமலே மோட்டார் ஓடுது. ராத்திரி இது நடந்தா கெணத்துல தண்ணி காலி.

555 மூணு மாத்தியாச்சு, அப்படியேதான் இருக்கு. பார்ட்ஸ் பொள்ளாச்சியிலயோ பாலக்காட்டுலயோ வாங்கிக்கிறேன். எங்க இருந்து ஆரம்பிக்கட்டும்?

ஆனைமலை சால்டர்:

பின் 5-லிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோ, பின் 2-லிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ, ஐசி காலை ஒட்டி பின் 8-க்கும் பின் 1-க்கும் நடுவுல ஒரு 0.1 செராமிக், பக்கத்துல ஒரு 100 மைக்ரோ. 555 உள்ளுக்குள்ள நிலை மாறுற நேரத்துல சப்ளையிலிருந்து ஒரு இழுப்பு இழுக்கும், பக்கத்துல கண்டென்சர் இல்லைன்னா அந்த இழுப்பே அதைக் குழப்பிடும். முதல்ல இதைச் செஞ்சுட்டு வாங்க.

கோபாலபுரம் ரீவைண்டிங்:

அவர் சொன்ன கண்டென்சரெல்லாம் வேணும்தான். ஆனா கோளாறு மூணுக்கும் காரணம் வேற வேற. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டா எது எதுனால போச்சுன்னு தெரியாது, நாளைக்கு மறுபடி வந்தா மறுபடி ஒண்ணுலிருந்துதான். பார்ட்ஸ் மாத்தாதீங்க, மொதல்ல அளந்து பாருங்க.

மோட்டார் நிக்காத நாள்தான் நல்ல வாய்ப்பு. ஓடிட்டிருக்கும்போதே போர்டோட கிரவுண்டுல கருப்பு ப்ரோபை வெச்சு, இந்த வரிசையில பாருங்க. 230 வோல்ட் பக்கம் கை போகாத மாதிரி அந்தக் கனெக்டரை முன்னாடியே மூடிக்கோங்க.

பின் 2-ல எவ்வளவு வோல்ட்? 12 ஒட்டி இருக்கணும். 4 வோல்ட்டுக்குக் கீழ கிடந்தா 555 எப்பவும் பட்டன் அமுங்கியிருக்குன்னுதான் நினைச்சுக்கும், நேரம் முடிஞ்சாலும் விடாது. 6, 7 வோல்ட் காட்டினா பட்டன்லயோ ஒயர்லயோ ஈரம் ஏறியிருக்கு.

பின் 2 சரி, ஆனா பின் 6, நேரம் முடியுற எட்டு வோல்ட்டுக்குக் கீழயே நின்னுபோச்சுன்னா, ஏறவும் இல்ல இறங்கவும் இல்லைன்னா, டைமிங் கண்டென்சர் லீக்.

பின் 6 சைபர்ல ஆரம்பிச்சு மறுபடி ஏறிட்டிருந்தா, நீங்க கவனிக்காத நேரத்துல ஒரு தடவை முடிஞ்சு ரெண்டாவது தடவை ஓடுது. அது உங்க ரெண்டாவது கோளாறு.

பின் 3 சைபர், ரிலே விட்ட சத்தமும் கேட்டாச்சு, மோட்டார் மட்டும் ஓடுதுன்னா ரிலேயிலயோ காண்டாக்டர்லயோ முனை ஒட்டிப்போச்சு. எலக்ட்ரானிக்ஸ் பக்கம் தேடவே வேண்டாம்.

மீனாட்சிபுரம் போர்டு வேலை:

மேல சொன்ன சோதனை வரிசை சரி. ஆனா பின் 6-ஐ அளக்குறதுல ஒரு கண்ணி இருக்கு, அதை முதல்ல சொல்லிடறேன்.

மஞ்சள் கலர் 830 வகை டிஜிட்டல் மீட்டர் வோல்ட் ரேஞ்சுல 1 மெக் உள்தடை. உங்க டைமிங் ரெசிஸ்டரும் 1 மெக். மீட்டரைப் பின் 6-ல வெச்சுட்டே காத்திருந்தா ரெண்டும் சேர்ந்து 12-ஐப் பாதியாப் பிரிச்சிடும், கண்டென்சர் 6 வோல்ட்டைத் தாண்டாது, 8-ஐத் தொடவே தொடாது. மீட்டரே டைமரை நிறுத்தாம வெச்சிருக்கும். முள் மீட்டர்னா இன்னும் மோசம், 10 வோல்ட் ரேஞ்சுல 200கே-தான், 2 வோல்ட்டுலயே நின்னுடும். 10 மெக் உள்தடை உள்ள நல்ல மீட்டர்ல கூட நேரம் ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு நீளும். அதனால ரெண்டு செகண்ட் தொட்டுப் பார்த்து எடுத்துடுங்க. 1000 மைக்ரோ பெரிசு, அந்த ரெண்டு செகண்டுல அசையாது. அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை தொடுங்க. ரெண்டு தடவையும் ஒரே அளவுன்னா லீக் உறுதி.

ரெண்டாவது கோளாறு. பல்புல வரல, காண்டாக்டர்ல வருதுன்னு நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு. நீங்க போட்ட 4007 ரிலே காயிலுக்கு மட்டும்தான் காவல். காண்டாக்டர் காயில் ஒரு பெரிய சுருள், அதை ரிலே முனை திறக்கும்போது அந்த இடத்துல பொறி பறக்கும். அந்தப் பொறியோட வேகமான துடிப்பு 25 மீட்டர் பட்டன் ஒயர்ல ஏறி நேரா பின் 2-க்கு வருது. 10கே-ன்னா அதை அமுக்கிப் பிடிக்கப் பத்தாது. ஒரு கணம் 4 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினாலே போதும், 555 அதைப் பட்டன்னு எடுத்துக்கும்.

உறுதிப்படுத்த ரெண்டு சோதனை. பட்டன் ஒயரைப் போர்டு பக்கம் கழட்டுங்க, டைமிங்குக்குத் தற்காலிகமா 100கே, 100 மைக்ரோ போட்டுக்கோங்க, பின் 2-ஐ ஒரு சின்ன ஒயர் துண்டால தொட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. மறுபடி எடுக்கலைன்னா வழி அந்த 25 மீட்டர்தான். அப்பவும் எடுத்தா, 7812-க்குப் பதிலா 12 வோல்ட் பேட்டரி குடுத்துப் பாருங்க. பேட்டரியில அந்தக் கோளாறு நின்னுபோச்சுன்னா இரைச்சல் சப்ளை வழியா வருது. பேட்டரியிலயும் வந்தா காண்டாக்டர் ஒயர் போர்டை ஒட்டிப் போகுது, தள்ளி வைக்கணும்.

மருந்து பொறி பறக்கிற இடத்துல போடணும். காண்டாக்டரோட ஏ1, ஏ2 முனைகளுக்கு நடுவுல 100 ஓம் அரை வாட்ஸ் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ எக்ஸ்2 கண்டென்சரும் சீரிஸ்ல. கண்டென்சர் மேல 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2-ன்னு அச்சடிச்சிருக்கணும். 400 வோல்ட் டிசி பாலியெஸ்டரை இங்க போட வேண்டாம், ஒரு நாள் ஷார்ட்டாகித் தீப்பிடிக்கும். எக்ஸ்2 கெட்டாலும் பத்திக்காத மாதிரி செஞ்சது. காயில் ஏசிங்கிறதால அங்க டயோட் போடவே கூடாது.

இதையே சில பேர் ரிலே முனைக்குக் குறுக்கா போடுவாங்க. அப்படிப் போட்டா முனை திறந்திருக்கும்போதும் 0.1 மைக்ரோ வழியா 7 மில்லியாம்ப் காயிலுக்குள்ள போயிட்டே இருக்கும். சின்ன காண்டாக்டர் அந்தக் கொஞ்சத்துலயே முனகும், சிலது சரியா விடாது. காயிலுக்குக் குறுக்கா போட்டா இந்தத் தொல்லை இல்ல.

ஆனைமலை சொன்ன பின் 2 கண்டென்சர் பத்தி ஒண்ணு. இரைச்சலுக்கு நல்லது, ஆனா உங்க மூணாவது கோளாறை அது கூட்டிடும். கரண்ட் வர்ற நொடியில அந்தக் கண்டென்சர் காலியா இருக்கும், பின் 2 சைபர்ல இருக்கும், அது ட்ரிகர்தானே, பட்டன் அமுக்கின மாதிரி. பின் 2-ல கண்டென்சர் போட்டா பின் 4-லயும் தாமதம் போட்டே ஆகணும்: 12-லிருந்து 100கே, கிரவுண்டுக்கு 47 மைக்ரோ, 100கே மேல ஒரு 4148 டயோட், கோடு 12 பக்கம். அந்த டயோட் கரண்ட் போனதும் 47-ஐச் சீக்கிரம் காலி பண்ணும். 1 மைக்ரோ போதாதான்னு கேப்பீங்க. பின் 4 தானே கொஞ்சம் கரண்ட்டை வெளிய தள்ளும், சின்ன கண்டென்சரை அதுவே நிரப்பிடும், தாமதம் வராது.

ஆனைமலை சால்டர்:

பின் 4 விஷயம் சரிங்க, அதைச் சேர்க்காம சொன்னது என் தப்பு. அவர் சொன்ன மாதிரியே ரெண்டையும் சேர்த்துப் போடுங்க.

வண்ணாமடை:

நடுவுல ஒரு சந்தேகம். சுகர் கியூப் மேல 10 ஆம்பியர் 250 வோல்ட்னு போட்டிருக்கே. 1 ஹெச்பிக்கு 7 ஆம்பியர் வருமா? காண்டாக்டரே இல்லாம நேரா மோட்டாரைக் குடுத்துட்டா பொறியும் இல்ல, செலவும் இல்லையே?

கோபாலபுரம் ரீவைண்டிங்:

வேண்டாங்க. அந்த 10 ஆம்பியர் ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர், ஆனா எடுக்குற நொடியில அஞ்சாறு மடங்கு, அதாவது 35, 40 ஆம்பியர் இழுக்கும். முனை மூடும்போது லேசா ஒரு துள்ளு துள்ளும், அந்தத் துள்ளல்ல 40 ஆம்பியர் போனா வெல்டிங்தான். அப்புறம் டைமர் ரிலேயை விட்டாலும் முனை விடாது, மோட்டார் வெறுங்கெணத்துல ஓடும். பொறியும் குறையாது, பல மடங்கு கூடும். மோட்டார் லோடுக்குன்னு ஏசி-3 ரேட்டிங் 9 ஆம்பியராவது போட்ட காண்டாக்டர், அதுக்குக் கீழ மோட்டார் பெயர்ப்பலகையில இருக்கிற ஆம்பியருக்கு வெச்ச ஓவர்லோட் ரிலே. ஓவர்லோடோட 95-96 முனையைக் காண்டாக்டர் காயிலோட சீரிஸ்ல சேர்த்துருங்க.

கொழிஞ்சாம்பாறை தோப்பு:

அளந்துட்டேனுங்க.

இன்னைக்கு நிக்கல. 35 நிமிஷத்துல பின் 2-ல 11.9 வோல்ட். பின் 6-ல ரெண்டு செகண்ட் தொட்டுப் பார்த்தேன், 6.9. அஞ்சு நிமிஷம் கழிச்சும் 6.9.

பட்டன் ஒயரைக் கழட்டிட்டு 11 செகண்ட் டைமிங்குல இருபது தடவை ஓட்டினேன், ஒரு தடவை கூட மறுபடி எடுக்கல. ஒயரை மாட்டினா இருபதுல ஒன்பது தடவை எடுத்துச்சு. அந்த ஒயர் மோட்டார் கேபிளோட ஒரே பைப்புலதான் வருது.

அப்புறம் ஆறு மணிக்கு மேல இங்க லைன்ல 180 வோல்ட்தான். அப்ப 7812 வெளிய 10.6 காட்டுது. இது சரியா?

மீனாட்சிபுரம் போர்டு வேலை:

நல்லா அளந்திருக்கீங்க. ஒண்ணொண்ணா வர்றேன்.

6.9-ல நிக்குதுன்னா 1 மெக் மேல மீதி 5.1 வோல்ட். 5.1 மைக்ரோஆம்ப் உள்ள வருது, அவ்வளவும் கண்டென்சருக்குள்ளயே கசிஞ்சு போகுது. வர்றதும் போறதும் சமமாயிட்டா அதுக்கு மேல ஏறாது. கசிவை ஒரு ரெசிஸ்டரா நினைச்சுக் கணக்குப் போட்டா உங்க எல்லா நாளும் விளங்கும். கசிவு 3 மெக்குக்குச் சமம்னா உச்சம் 9 வோல்ட், 8-ஐத் தொட 27 நிமிஷம் ஆகும். 2 மெக்குக்குச் சமம்னா உச்சமே 8 வோல்ட், தொடவே தொடாது. உங்களுக்கு இன்னைக்கு அதை விடவும் கீழ.

நாளுக்கு நாள் மாறுறதுக்கும் காரணம் இருக்கு. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள்ள இருக்கிற ஆக்சைடு படலம் சும்மா கிடந்தா மெலியும், வோல்டேஜ் பட்டா மெல்ல மெல்ல தேறும். ஒரு வாரம் ஓட்டாம இருந்து முதல் தடவை ஓட்டினா நிக்காது, அடுத்தடுத்து ஓட்டினா 26, 27-க்கு வரும். வெயில் ஏறினா கசிவும் ஏறும். மேசையில 11 செகண்ட் சரியா வந்ததும் இதனாலதான்: 100கே-ல கடைசி நொடியில கூட 40 மைக்ரோஆம்ப் வருது, கசிவு அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

புது கண்டென்சர் வாங்கிப் போடலாமான்னா, 1000 மைக்ரோ 25 வோல்ட்டுக்குக் கம்பெனிக்காரங்களே 250 மைக்ரோஆம்ப் வரைக்கும் கசிவு சம்மதம்னுதான் போட்டிருப்பாங்க. நல்ல சரக்கு அதை விட ரொம்பக் கம்மியாத்தான் கசியும், ஆனா நமக்குத் தேவை கடைசி நொடியில 4 மைக்ரோஆம்ப்ல பாதி கூடக் கசியாத சரக்கு, அதுக்கு யாரும் உறுதி தர மாட்டாங்க. ரெசிஸ்டரை 100கே-ஆக்கி 10,000 மைக்ரோ போடலாம்னு தோணும். கண்டென்சர் பத்து மடங்கானா கசிவும் பத்து மடங்கு, அதே இடத்துலதான் நிப்போம். 555 நல்ல ஐசி, ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு மேல எலக்ட்ரோலிட்டிக்கை நம்பி அதுல டைமிங் பண்ணக்கூடாது. இது என் உறுதியான கருத்து.

20 நிமிஷத்துக்கு சிடி4060 போடுங்க. உள்ளயே ஆஸிலேட்டரும் 14 படி கவுண்டரும் இருக்கு. சின்ன பாலியெஸ்டர் கண்டென்சரால வேகமா ஓட விட்டு எண்ணிக்கைல நேரத்தை எடுக்குறோம். பாலியெஸ்டர்ல கசிவுன்னு பேசவே வேண்டியதில்ல.

பின் 16 பிளஸ் 12, பின் 8 கிரவுண்டு, ரெண்டுக்கும் நடுவுல ஐசியை ஒட்டி 0.1 செராமிக், பக்கத்துல 10 மைக்ரோ. பின் 9-ல 0.22 மைக்ரோ பாலியெஸ்டர், பின் 10-ல 220கே-யும் 100கே ப்ரீசெட்டும் (திருப்பி மதிப்பை மாத்துற ரெசிஸ்டர்) சீரிஸ்ல, பின் 11-ல 1 மெக். இந்த மூணோட மறுமுனையும் ஒரே புள்ளியில சேரணும், அந்தப் புள்ளியை வேற எதோடயும் சேர்க்கக்கூடாது. செராமிக் டிஸ்க் கண்டென்சர் இங்க வேண்டாம், வெயிலுக்கு மதிப்பு மாறும்.

பின் 12 ரீசெட்: 12-லிருந்து 1 மைக்ரோ, கிரவுண்டுக்கு 10கே. சப்ளை வந்ததும் எண்ணிக்கை சைபர்லிருந்து தொடங்கும்.

பின் 3-தான் கடைசி படி. 8192 துடிப்பு முடிஞ்சதும் அது மேல போகும். நமக்கு அதுவரைக்கும் ரிலே எடுத்திருக்கணும், மேல போனதும் விடணும். அதனால ரெண்டு 547. முதல் ட்ரான்சிஸ்டர் பேஸுக்குப் பின் 3-லிருந்து 22கே, எமிட்டர் கிரவுண்டு, கலெக்டர் ரெண்டாவதோட பேஸுக்கு. அதே பேஸுக்கு 12-லிருந்து 3.3கே. ரெண்டாவதோட கலெக்டர்ல ரிலே, காயில் மேல 4007. ரிலே காயிலை ஓம்ல அளந்துக்கோங்க. 400 ஓம்னா 30 மில்லியாம்ப், 547 தாங்கும். 150 ஓம் காயில்னா 80 மில்லியாம்ப், அதுக்கு பிசி337 போடுங்க. 2என்2222 போட்டா கால் வரிசை தலைகீழ், பார்த்துக்கோங்க.

மூணாவது கோளாறுக்கு மருந்து ஒயரிங்லதான் இருக்கு. ரெண்டு சேஞ்ச்ஓவர் உள்ள 12 வோல்ட் ரிலே வாங்குங்க. ஒரு செட் காண்டாக்டருக்கு. இன்னொரு செட்டோட பொது முனையில 7812 வெளிய வர்ற 12, அதோட நார்மலி ஓப்பன் முனையிலிருந்து முழு டைமர் போர்டுக்கும் பிளஸ். திண்ணை பட்டனை அந்த ரெண்டு முனைக்கும் குறுக்கா போடுங்க. பட்டனை அமுக்கினா போர்டுக்கு உயிர் வரும், ரிலே எடுக்கும், தன் முனையாலயே தன்னைப் பிடிச்சுக்கும். 20 நிமிஷம் முடிஞ்சா ரிலே விடும், போர்டே அணைஞ்சிடும். நடுவுல கரண்ட் போனா ரிலே விட்டுடும், திரும்ப வந்தாலும் பட்டனை அமுக்குற வரைக்கும் செத்தே கிடக்கும். ட்ரிகர் பின்னே இல்லாததால ரெண்டாவது கோளாறும் இதுலயே முக்கால்வாசி போயிடும்: இரைச்சல் வோல்டேஜைக் காட்டலாம், ரிலேயை எடுக்க வேண்டிய 30, 40 மில்லியாம்ப்பைத் தர முடியாது. ஆனாலும் ஏ1-ஏ2-க்கு நடுவுல சொன்ன அந்த 100 ஓம், 0.1 மைக்ரோ ஜோடியை (ஸ்னபர்) கட்டாயம் போடுங்க, இல்லைன்னா அதே துடிப்பு ரீசெட் பின்னைத் தட்டி எண்ணிக்கையை முதல்லிருந்து ஆரம்பிக்க வைக்கும். பட்டன் ஒயரை மோட்டார் பைப்புலிருந்து எடுத்துத் தனியாக் கொண்டு போங்க, ரெண்டு கோரையும் முறுக்கி.

போர்டுக்குப் போற பிளஸ் லைன்ல ஒரு நார்மலி குளோஸ்ட் ஸ்டாப் பட்டனும், கெணத்துல ஃப்ளோட் சுவிட்ச் இருந்தா அதையும் சீரிஸ்ல சேர்த்துக்கலாம். எது திறந்தாலும் எல்லாம் அணையும்.

நேரம் வைக்க 20 நிமிஷம் காத்திருக்க வேண்டாம். பின் 7-ல 4.7கே போட்டு ஒரு எல்இடி. அது 16 துடிப்புக்கு ஒரு தடவை மின்னும், பின் 3 மேல போறதுக்குள்ள 512 மின்னல். 20 நிமிஷத்துக்கு ஒரு மின்னல் 2.34 செகண்ட். ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பத்து மின்னல் 23.4 செகண்ட் வர்ற வரைக்கும் ப்ரீசெட்டைத் திருப்புங்க. இந்த மதிப்புல 15-லிருந்து 22 நிமிஷம் வரைக்கும் வைக்கலாம்.

இனி சப்ளை. 180 வோல்ட்டுல 12 வோல்ட் சுருள் 9.4 ஆயிடும், டயோட் தாண்டி உச்சம் 12.6. 7812-க்கு உள்ள 14-க்கு மேல வேணும், அதனாலதான் 10.6-ம் கூடவே ரிப்பிளும் (வோல்ட் ஏறி இறங்குற அலை). 15-0-15 ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டா 180-லயும் 15-க்கு மேல நிக்கும். அப்ப ஃபில்டர் கண்டென்சர் 35 வோல்ட்டா மாத்தணும். லைன் 250 ஏறி, லோடும் கம்மியா இருக்கும்போது 25 வோல்ட்டைத் தாண்டும்.

கோபாலபுரம் ரீவைண்டிங்:

டைமர் 180-ல நல்லா ஓடும், ஆனா மோட்டாரை 180-ல ஓட்டாதீங்க. 230 வோல்ட் காண்டாக்டர் காயில் 85 சதவீதத்துல, அதாவது 195-ல எடுக்கும்னுதான் உறுதி. அதுக்குக் கீழ முழுசா ஒட்டாம கடகடன்னு அடிக்கும், முனை தீயும், காயில் சூடேறும். மோட்டாரும் அதே பாரத்தை இழுக்கக் கூடுதல் ஆம்பியர் எடுக்கும், சுருள் கருகும். ஒரு லோ வோல்டேஜ் கட்-ஆஃப் வாங்கி 195-ல வெட்டுற மாதிரி வெச்சு, அதோட முனையையும் காண்டாக்டர் காயில் லைன்ல சீரிஸ்ல போட்டுருங்க. சொட்டுநீரைக் காலையில வோல்டேஜ் இருக்கும்போது விடுறதுதான் மோட்டாருக்கு நல்லது.

பெட்டியைப் பத்தி யாரும் சொல்லல. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கிற மாசங்கள்ல மோட்டார் ரூமுல ஈரமும் தூசியும் சேர்ந்தே வரும். கேபிள் நுழையுற ஓட்டை எல்லாத்துலயும் கிளாண்டு போட்டு இறுக்குங்க. எறும்பும் பல்லியும் காண்டாக்டர் முனைக்கு நடுவுல போய்ச் செத்தா முனை சேராது, சில சமயம் விடாது.

மீனாட்சிபுரம் போர்டு வேலை:

ஆமா, ஈரம் எலக்ட்ரானிக்ஸுக்கும்தான். சால்டர் பண்ணின ஃப்ளக்ஸ் பசையைப் போர்டுலயே விட்டா அது ஈரத்தை இழுத்து 1 மெக் இருக்கிற இடத்துல கசியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு, நல்லாக் காய வெச்சு, பின் பக்கம் ரெண்டு கோட் பிசிபி வார்னிஷ். ப்ரீசெட் மேல மட்டும் வார்னிஷ் படக்கூடாது.

கொழிஞ்சாம்பாறை தோப்பு:

4060 போர்டு கட்டி மாட்டியாச்சுங்க. பத்து மின்னல் 23.5 செகண்ட். அஞ்சு தடவை முழுசா ஓட்டினேன், அஞ்சும் 20 நிமிஷத்துக்குப் பக்கத்துல, அதிக வித்தியாசம் பத்து செகண்டுக்குள்ள. ஸ்னபர் போட்டாச்சு, ஒயர் தனிப் பைப்புல. ஓடும்போது மெயினை மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், மோட்டார் தானா எடுக்கல.

ஒண்ணே ஒண்ணுங்க. பட்டனை டக்குனு தொட்டு விட்டா சில தடவை ரிலே பிடிச்சுக்க மாட்டேங்குது, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சாத்தான் பிடிச்சுக்குது.

மீனாட்சிபுரம் போர்டு வேலை:

ரிலே முனை நகர்ந்து சேர ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் வேணும். அதுக்கு முன்னாடி கை எடுத்தாலோ, பழைய பட்டன் முனை துள்ளினாலோ போர்டு அணைஞ்சிடும். பின் 16 பக்கத்துல இருக்கிற 10 மைக்ரோவை 100 மைக்ரோவா மாத்துங்க, அந்த இடைவெளியை அது தாங்கும். அதுக்கு மேல பெரிசாப் போட வேண்டாம், போட்டா கரண்ட் ஒரு கணம் போயிட்டு வர்றப்ப போர்டு சாகாமப் பழைய எண்ணிக்கையோடயே தொடரும். பட்டனோட சீரிஸ்ல 10 ஓம் கால் வாட்ஸ் ஒண்ணு போடுங்க, 100 மைக்ரோ நிரம்புற முதல் இழுப்பு பட்டன் முனையைத் தின்னாது.